நெஞ்சறுவை செய்யும் டொக்டர்மாருக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து

மதிப்புக்குரிய டொக்டர்மாருக்கு,

என் அக்காவுக்கு இரண்டு வருடமாக இருமல். முட்டு என்று சொல்லி பம்ப் கொடுத்தார்கள், ஒருநாள் விடிய கிணற்றடியில் முகம் கழுவும்போது துப்பலில் ரத்தம், கசமோ என்று வீடே கலங்கி, ஸ்கான் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான் கார்சினொயிட் என்ற நுரையீரல் கட்டியின் பெயரையே கேட்டோம். "சாதுவான கட்டி, எடுத்தால் சரி" என்றார்கள். இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனோம், வலது நுரையீரலின் கீழ்மடலை எடுத்தார்கள், பத்தாம் நாள் அக்கா படியேறினார். அந்தக் கைக்கு நன்றி, அதில் குறையில்லை.

இங்கே கிளினிக்கில் புற்றுநோய் டொக்டர் நோய்நிர்ணய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கணு எத்தனை எடுத்தவை?" என்று கேட்டார். அட்டையில் ஒன்றுமில்லை. லாப் றிப்போட்டில் ஒரே வரி: நிணநீர்க்கணுக்கள் அனுப்பப்படவில்லை. கட்டி பரவியிருக்கிறதா என்று பார்ப்பது அந்தக் கணுக்களில்தான். "அப்ப பரவியிருக்கா, இல்லையா?" என்று அக்கா கேட்டார். டொக்டர் பேனையை மூடிவிட்டு ஸ்கானுக்கு எழுதினார், வேறென்ன செய்வார்?

சாதுவான கட்டி என்பதை யார், எப்போது தீர்மானித்தது என்பதுதான் என் கேள்வி. 2 சதுர மில்லிமீற்றரில் பிரியும் கலங்கள் 2க்குக் குறைவாக இருந்து, திசு நசிவும், அதாவது கலங்கள் செத்த இடமும், இல்லையென்றால் டிப்பிக்கல் என்ற சாதுவான வகை, 2 முதல் 10 வரை என்றாலோ நசிவு இருந்தாலோ ஏடிப்பிக்கல் என்ற அதைவிட மோசமான வகை. குழாய் வழியே கிள்ளிய துணுக்கில் இதை நம்பி எண்ண முடியாது, முழுக்கட்டியும் லாபுக்குப் போகவேண்டும், அதற்குள் நெஞ்சைத் தைத்து மூடியாகிவிடும். டிப்பிக்கலிலும் சுமார் பத்தில் ஒருவருக்குக் கணுவில் பரவியிருக்கும், ஏடிப்பிக்கலில் அது இன்னும் அதிகம். ஸ்கானும் ஏமாற்றும்: கட்டி அடைத்த மூச்சுக்குழாய்க்குப் பின்னால் சளி தேங்கினாலே கணு வீங்கும், வீங்காத கணுவிலும் கலம் ஒளிந்திருக்கும்.

கணு எடுத்தால் நேரம் கூடும், குரல் நரம்பில் படலாம், நிணநீர் கசியலாம், தெரியும். ஆனாலும் நுரையீரல் புற்றுநோய்க்கு என்று சொல்லும் முறை, நடுநெஞ்சில் குறைந்தது 3 இடங்களில் கணு எடுக்கவேண்டும், அதில் மூச்சுக்குழல் பிரியும் கவட்டுக்குக் கீழுள்ள, 7ஆம் இலக்கமிட்ட இடம் கட்டாயம் என்பது, இந்தக் கட்டிக்கும் வேண்டியதுதானே?

எந்த இடத்தில் எத்தனை எடுத்தீர்கள் என்று அட்டையில் எழுதுங்கள். எடுக்கவில்லையென்றால் ஏன் என்று எழுதுங்கள், வாசிக்கக்கூடிய கையெழுத்தில். இந்தக் கட்டி பத்து வருடம் கழித்தும் திரும்பி வரலாம், அதுவரை அந்த அட்டையைத்தான் நாங்கள் பொலித்தீன் பையில் போட்டுத் தூக்கித் திரியவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தம்பி