காவாயோன் பழமும் உன் கிர்ணி ஜூஸும்

அன்புள்ள கலியபெருமாளுக்கு,

இங்கு நலம். பேத்தியின் படம் வந்தது. மூக்கு அப்படியே உன் அம்மாவுடையது. முட்டிக்கு ஆபரேஷன் என்கிறார்களே, அவசரப்படாமல் இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடு. எங்கள் உடம்பு சுமார். பாரிஸை விட்டுத் தெற்கே அவிஞோன் பக்கம் குடிவந்ததில் குளிர் குறைந்தது, ஆனால் ஜூலை வெயில் காரைக்காலுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை.

அந்த வெயில்தான் பக்கத்து ஊர் காவாயோனுக்குச் சோறு போடுகிறது. நாம் கிர்ணிப்பழம், முலாம்பழம் என்போமே, அதில் ஷராந்தே என்று ஒரு வகை. துராங்ஸ் ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து பாய்ச்சி விளைவிக்கிறார்கள். சின்னப் பழம், பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். தோல் வழவழப்பு, உள்ளே ஆரஞ்சு நிறச் சதை. எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமா காவாயோன் பழத்துக்கு அடிமை. 1864-இல் ஊர் நூலகத்துக்கு அவருடைய புத்தகங்களைக் கேட்டபோது, தருகிறேன், ஆயுள் உள்ளவரை வருஷத்துக்கு 12 பழம் அனுப்புங்கள் என்று பதில் போட்டார். 1870-இல் அவர் சாகும்வரை நகராட்சியும் அனுப்பியது. ராயல்டி என்றால் இப்படி இருக்கவேண்டும்!

வாங்குகிற பழமெல்லாம் சப்பென்று இருக்கிறது, சர்க்கரை போட்டால்தான் இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். காயாகப் பறித்து லாரி ஏற்றினால் அப்படித்தான். மாங்காயில் மாவுச்சத்து இருக்கிறது, வைக்கோலில் போட்டால் அது சர்க்கரையாக மாறும். முலாம்பழத்தில் அந்த இருப்பே கிடையாது. கொடியில் இருக்கும்வரை இலையிலிருந்து இறங்குகிற சர்க்கரைதான் கணக்கு. பறித்தபின் வாசனை கூடும், சதை இளகும், இனிப்பு மட்டும் ஏறாது. அதனால்தான் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத் தரவிதியில் ஷராந்தே வகைக்குக் குறைந்தது 10 பிரிக்ஸ் சர்க்கரை, அதாவது நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய 10 கிராம், என்று வைத்திருக்கிறார்கள். மற்ற வகைகளுக்கு 8 போதும்.

திங்கட்கிழமைச் சந்தையில் ஆட்கள் பழம் பொறுக்குவதைப் பார்க்கவேண்டும். முதலில் கையில் ஏந்திப் பார்ப்பார்கள், உருவத்துக்கு மீறிய கனம் இருக்கவேண்டும். அப்புறம் காம்பு. அதைச் சுற்றி மெல்லிய விரிசல் ஓடி, சில சமயம் சிவந்த பாகு ஒரு சொட்டுக் கசிந்திருக்கும். அதுதான் பதம். விரிசலே இல்லையென்றால் இளசு. பச்சை ஓடிய தோல் மஞ்சளுக்குத் திரும்பியிருக்கும். மூக்கில் வைத்தால் மணக்கும், ஆனால் கடைக்குள் நுழையும்போதே தூக்கலாக மணந்தால் அன்றைக்கே சாப்பிடவேண்டிய பழம், சாராய வாடை வந்தால் அதுவும் போச்சு. நம் ஊர் வலைத்தோல் பழத்துக்குக் கணக்கு வேறு. காம்பு தானாகக் கழன்று அந்த இடம் வழவழவென்று குழிந்திருக்கவேண்டும். அறுத்த காம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடு. தட்டிப் பார்ப்பதெல்லாம் தர்பூசணிக்கு.

முழுப் பழத்தைப் பழுக்கும்வரை வெளியிலேயே வை. பழுத்ததும் ஃப்ரிட்ஜில் நன்றாகச் சுற்றி வை, இல்லாவிட்டால் வெண்ணெய், பால் எல்லாம் அதன் வாசனைதான். வெட்டுமுன் தோலைத் தேய்த்துக் கழுவு. மண்ணில் கிடந்த தோலின் கிருமியைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். பாதி மிஞ்சினால் விதையோடு மூடி வை, இரண்டு நாளில் தீர்த்துவிடு. சாப்பிட அரைமணி முன்னால் வெளியே எடுத்துவிட வேண்டும், சில்லென்று இருந்தால் வாசனை அடங்கிவிடும்.

உன் மருமகள் பாலில் அடித்து ஃப்ரிட்ஜில் வைத்த ஜூஸ் கசந்ததற்குப் பழக்காரனைத் திட்டாதே. பழத்தில் குக்குமிசின் என்றொரு நொதி இருக்கிறது. பாலின் புரதத்தை அது துண்டு துண்டாக வெட்ட, அந்தத் துண்டுகள் கசக்கின்றன. அடித்த கையோடு குடித்துவிட்டால் தெரியாது. வைத்துக் குடிக்க வேண்டுமென்றால் கூழை ஒரு கொதி விட்டு ஆறவைத்துப் பாலில் சேர்க்கச் சொல். தயிரிலும் இதே கதைதான்.

நல்ல பழத்தைச் சமைப்பது பாவம். இங்கே உப்புப் போட்டு உலர்த்திய பன்றித் தொடைக்கறியைச் சமைக்காமல் தாள் மாதிரி சீவி இதோடு தருவார்கள், உப்பும் இனிப்பும் ஒத்துப்போகிறது. பாதியாக வெட்டி, குழியில் போர்த்தோ என்கிற போர்த்துகல் நாட்டு இனிப்பு ஒயின் ஊற்றிக் கொடுப்பதும் உண்டு. எனக்கு அது பழத்தையும் கெடுத்து ஒயினையும் கெடுக்கிற வேலை. சப்பைப் பழம் மாட்டினால் வீட்டுக்காரி மாங்காய்ப் பச்சடி மாதிரியே வெல்லம், காய்ந்த மிளகாய், கடுகு போட்டுக் கிண்டி, இறக்கும்போது எலுமிச்சை பிழிகிறாள். புளிப்பு இல்லாத பழம் என்பதால் எலுமிச்சை கண்டிப்பாக வேண்டும். ஜாமுக்கும் அப்படித்தான், கிலோ சதைக்கு 600 கிராம் சர்க்கரையும் இரண்டு எலுமிச்சையும்.

கொல்லையில் போட விதை அனுப்பச் சொன்னாயே, சந்தைப் பழம் பெரும்பாலும் கலப்பின ரகம். அதன் விதையில் தாயைப் போன்ற பிள்ளை வராது. அங்கேயே நாட்டு ரக விதை கேட்டு வாங்கி மார்கழி கடைசியில், தையில் ஊன்றிப் பார். பிஞ்சு பிடித்தபின் தண்ணீரை அளவாக விடு, காய் முற்றும்போது இன்னும் குறை.

டிசம்பரில் வர எண்ணம். டிக்கெட் போட்டதும் தேதி எழுதுகிறேன். வீட்டு வரி ரசீதை என் பெயருக்கு மாற்றுவது எதுவரை வந்திருக்கிறது என்று பதிலில் சொல். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் விசாரிப்பு.

உன்,
ராசேந்திரன்