உழுபவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்

விவசாயிகளுக்கான உதவிப் பட்டியல்களைத் தயாரிக்கும் மதிப்பிற்குரிய வேளாண், வருவாய்த் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

அரசு உதவிகளுக்காக விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் முகாம் எங்கள் பக்கமும் நடந்தது. ஆதார், வங்கிப் புத்தகம், கைப்பேசி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். பட்டா எண் கேட்டார்கள். குத்தகை சாகுபடி என்றேன். "அப்ப நிலத்துக்காரரை வரச் சொல்லுங்க" என்றார்கள். அவர் சென்னைக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது, நடவும் களையும் உரமும் அறுப்பும் என் செலவு என்று சொல்லிப் பார்த்தேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் பதில் சொன்னார்: "மானியம்ங்கிறது உரிமை இல்லைங்க, சலுகை. யாருக்குக் கொடுக்கிறதுன்னு அரசாங்கம்தான் முடிவு பண்ணும்."

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பட்டா எண் போடாமல் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது என்றால் அவர்தான் என்ன செய்வார்? ஆனால் கல்லூரியில் தத்துவம் படித்துவிட்டு வயலுக்கு வந்தவன் நான். உரிமை, சலுகை என்று யாராவது பிரித்துப் பேசினால் சும்மா போக முடிவதில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அரசிடமிருந்து இரண்டாயிரம் ரூபாய் வாங்கும் உரிமையோடு யாரும் பிறப்பதில்லை. இயற்கை உரிமை பேசியவர்கள் உயிர், சுதந்திரம், உடைமை என்றுதான் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் மானியம் இல்லை. வரி கட்டுபவரின் பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதே அநியாயம் என்று வாதாடுபவர்களும் அந்தத் தத்துவத்தைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். சரி, அவர்கள் வழியிலேயே வருகிறேன். உழவருக்குக் கொடுப்பதே அநியாயம் என்றால், உழவர் பெயரைச் சொல்லி உழாதவருக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய அநியாயம் இல்லையா?

உடைமை எப்படி வருகிறது என்பதற்கு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1689-ல் சொன்ன காரணம் எளிமையானது. என் உடல் என்னுடையது, அதன் உழைப்பும் என்னுடையது, அந்த உழைப்பு பொதுவில் கிடந்த மண்ணோடு கலக்கும்போது அதுவும் என்னுடையதாகிறது. இதை வைத்து நான் நிலத்தைக் கேட்கவில்லை. நிலம் அவருடையதாகவே இருக்கட்டும், பேசியபடி குத்தகை நெல் அளக்கிறேன். விளைவித்தவன் யார் என்று எழுதும் இடத்தில் என் பெயர் வேண்டும், அவ்வளவுதான். (அதே லாக், தன் வேலைக்காரன் வெட்டியெடுத்த புல்தரைத் துண்டும் தன்னுடையதே என்று அதே அத்தியாயத்தில் எழுதிவைத்திருக்கிறார். உங்கள் பட்டியலுக்கு ஆதாரம் தேவைப்பட்டால் அந்த வரி உதவும்.)

அப்புறம், இது உண்மையிலேயே சலுகைதானா? 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. ஏற்றுமதி நின்றால் உள்ளூரில் விலை ஏறாது. ஏறக்கூடாது என்பதற்காகத்தானே தடை? நகரத்தில் அரிசி மலிவாகக் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் அரிசி வாங்கித் தின்ற மாதங்கள் உண்டு. ஆனால் விளைந்ததை நல்ல விலைக்கு விற்கும் சுதந்திரத்தை ஒரு கையால் எடுத்துக்கொண்டு, மறு கையால் ஏதோ கொடுத்தால் அதற்குப் பெயர் ஈடு. அதைச் சலுகை என்று எப்படிச் சொல்வது? அந்த விலை இழப்பு யாருக்கு வந்தது? நெல் விற்றவனுக்கு. ஈடு யாருக்குப் போகிறது? பட்டா வைத்திருப்பவருக்கு. 2019-ல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். கிசான் என்ற விவசாயி உதவித்தொகைத் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. நில உடைமைக் குடும்பங்களுக்கு மட்டும். முதலில் இரண்டு ஹெக்டேர் வரை என்று வைத்த உச்சவரம்பைக்கூட சில மாதங்களில் எடுத்துவிட்டார்கள். நிலம் அதிகம் இருப்பவருக்குக் கதவு திறந்தது, நிலமே இல்லாமல் உழுபவனுக்குத் திறக்கவில்லை.

6,000 ரூபாய் போகட்டும். சம்பா வெள்ளத்தில் போன கதை ஒன்றைச் சொல்கிறேன். கதிர் பால் பிடித்த சமயத்தில் மழை. வயலில் தண்ணீர் வடியவே இல்லை, பயிர் சாய்ந்து அழுகியது. சேதம் 33 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கெடுத்தார்கள். என்னோடுதான் வரப்பில் நடந்தார்கள், என்னிடம்தான் ரகமும் நட்ட தேதியும் கேட்டார்கள். நிவாரணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போனது. அவர் நல்ல மனிதர், தொலைபேசியில் கூப்பிட்டு, "பணம் ஏறியிருக்குப்பா, பாதி அனுப்பி வைக்கிறேன்" என்றார். அனுப்பவும் செய்தார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். என் விதைநெல், என் உரம், என் மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்த நடவுக் கூலி, எல்லாம் அழுகிப்போனதற்கு அரசு கொடுத்த பணத்தில் பாதியை வாங்கிக்கொண்டு நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. அவர் அனுப்பாமல் இருந்திருந்தாலும் கேட்க எனக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

அடகு ஏன் என்று கேட்பீர்கள். எந்த வயலில் என்ன பயிர், யார் சாகுபடி என்று எழுதும் கிராமக் கணக்குதான் அடங்கல். நிலத்துக்காரர் ஒப்புதல் இல்லாமல் அதில் என் பெயர் ஏறாது, அடங்கல் இல்லாமல் கூட்டுறவில் பயிர்க்கடன் கிடைக்காது. 2021-ல் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனபோது ஊரில் பலருக்குச் சந்தோஷம். அடகுக் கடையில் இருந்த தோட்டுக்குத் தள்ளுபடி இல்லை.

குத்தகையைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்பீர்கள். 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் என்று நல்ல சட்டங்கள்தான் இருக்கின்றன. அந்தச் சட்டங்களுக்குப் பயந்துதான் நிலத்துக்காரர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. பெயர் ஏறிவிட்டால் ஆளை நிலத்தைவிட்டு வெளியேற்ற முடியாது என்று அவருக்குக் கவலை. அதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. பதிவு என்று வாயைத் திறந்தால் அடுத்த போகத்துக்கு நிலம் வேறு ஆளிடம் போய்விடும். ஆகவே எல்லாம் வாய்ப்பேச்சு.

இதற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய விவசாயிகள் கொள்கையே குத்தகைதாரர், விளைச்சலில் பங்குக்கு உழும் வாரதாரர், விவசாயக் கூலி எல்லோரையும் விவசாயி என்றுதான் சொல்கிறது. ஒடிசாவின் காலியா என்ற விவசாயி உதவித் திட்டம் 2018-லேயே நிலமற்றவரையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரத்தில் 2019 சட்டம் நில உரிமையைத் தொடாமல் பதினொரு மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை கொடுத்தது. அங்கேயும் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் நிறையப் பேருக்கு அட்டை கிடைக்கவில்லை. அந்தத் தவறை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாமே.

ஒரு காலத்தில் உங்கள் கணினி இவ்வளவு கறாராக இருந்ததில்லை என்பதும் நினைவுக்கு வருகிறது. 2020-ல் இதே பி.எம். கிசானில் தமிழ்நாட்டில் தகுதி இல்லாத லட்சக்கணக்கானோர் பெயர் ஏறி, சுமார் 110 கோடி ரூபாய் போனது. வயலையே பார்க்காதவரும் அப்போது விவசாயி ஆனார். அந்த வருடமும் நான் சேற்றில்தான் நின்றேன், எனக்குத்தான் அந்தத் தந்திரம் தெரியவில்லை.

மன்னியுங்கள், கேட்க வந்ததைவிட்டு எங்கோ போய்விட்டேன். நான் கேட்பது இதுதான். அந்தந்தப் போகத்துக்கு எந்த வயலை யார் சாகுபடி செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து, அக்கம்பக்கத்து வயல்காரர்களிடம் விசாரித்து, சாகுபடியாளர் பெயரைத் தனியாக எழுதட்டும். இந்தப் பதிவு நிலத்தின் மீது எந்த உரிமையும் தராது என்று அதிலேயே அச்சடித்துவிடுங்கள். நிலத்துக்காரர் கையெழுத்துக் கேட்காதீர்கள். பயிர்ச்சேத நிவாரணமும் பயிர்க்கடனும் அந்தப் பெயருக்கு வரட்டும். அடையாள எண் கொடுக்கும் கணினியில் பட்டா எண்ணுக்குக் கீழே "சாகுபடி செய்பவர்" என்று ஒரு கட்டம் சேர்த்துத் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வரும் சம்பா நடவுக்கு முன்னால் செய்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு குத்தகை விவசாயி,
திருவாரூர் மாவட்டம்