எந்த பெடல் ஸ்டீல் என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மீதியைப் படிக்கவே மனசு வந்தது. இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முதுகுவலிதான் விடுவதாக இல்லை. அதற்காகவே என் பெடல் ஸ்டீலை, கிடத்திவைத்துக் காலால் பெடலை மிதித்துச் சுருதியை மாற்றி வாசிக்கிற அந்தக் கிட்டாரை, மாற்றிவிட்டேன்: கழுத்துக்குப் பத்துத் தந்தி வீதம் இரட்டைக் கழுத்துள்ள டி-10ஐக் கொடுத்துவிட்டு, ஒற்றைக் கழுத்து எஸ்-10 வாங்கினேன். பெட்டியோடு சேர்த்தால் டி-10 கிட்டத்தட்ட 30 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு படியேறும் வயசா நமக்கு? சி6 சுருதி சேர்த்த கழுத்து போனதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஸ்விங் இசை வாசிக்கும்போது அந்தத் தடித்த அடித்தந்திகளைக் கை தன்பாட்டில் தேடுகிறது. ஆனாலும் நான் வாசிப்பதில் முக்கால்வாசி இ9 சுருதிதான், உனக்கே தெரியும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பழைய ஷோ-பட், எம்மன்ஸ் புஷ்-புல், புதிய மல்லன், மூன்றில் எதன் நாதம் உசத்தி என்கிறாய். மூன்றையும் வாசித்துப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: நாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. ஒரே ஆள் ஒரே ஆம்ப்ளிஃபயரில் மூன்றையும் வாசிக்க, பக்கத்து அறையிலிருந்து கேட்டால் எது எது என்று தப்பில்லாமல் சொல்லும் காது ரொம்ப அபூர்வம். வாசிக்கிறவனுக்கோ உட்கார்ந்த சில நிமிஷத்திலேயே தெரிந்துவிடும், அதுவும் காதுக்கு முன்னால் காலுக்கு.

வேடிக்கை என்னவென்றால், உன் பட்டியலில் உள்ள பழையவை இரண்டிலும் ஒரே மனிதரின் கை இருக்கிறது. 1950களில் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர்களான ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் சேர்ந்து தொடங்கியதுதான் ஷோ-பட். அப்புறம் 1960களில் எம்மன்ஸ் விலகி வந்து, வட கரோலினாவின் பர்லிங்டனில் தன் பெயரிலேயே கிட்டார் செய்ய ஆரம்பித்தார். இ9 சுருதியின் மேல்பக்கத்து இரண்டு தந்திகள், எஃப் ஷார்ப்பும் டி ஷார்ப்பும், இன்று எல்லார் கிட்டாரிலும் இருக்கின்றனவே, அவையும் அவர் சேர்த்தவைதான்.

புஷ்-புல்லைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உன் மனசு அதன் பக்கம் சாய்ந்திருப்பது எழுத்திலேயே தெரிகிறது. எந்த பெடல் ஸ்டீலிலும் தந்தியின் ஒரு முனை சேஞ்சர் விரல் என்கிற அசையும் உலோகத் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெடலை மிதித்தால் விரல் அசைகிறது, சுருதி ஏறுகிறது அல்லது இறங்குகிறது. இன்றைய ஆல்-புல் கிட்டார்களில் ஏற்றம், இறக்கம் இரண்டுக்குமே இழுகம்பி இழுக்கத்தான் செய்கிறது. இறக்கிய விரலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பிடித்து வைப்பது ஒரு ஸ்பிரிங். புஷ்-புல்லில் ஒன்றுக்கு இழுப்பு, மற்றொன்றுக்குத் தள்ளல். பெடலைத் தொடாதபோது விரல் கெட்டியான ஒரு தடுப்பில் இறுகி நிற்கிறது. தந்தியின் அதிர்வு நடுவில் எங்கும் கசியாமல் நேராக உடம்புக்குள் போவதால்தான் அந்த நாதம் என்று வாசிப்பவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. மீட்டிய கணத்தில் ஒரு தெளிவு, அதன் பின்னால் ஒரு கனம், மேல் ஃபிரெட்டுகளுக்குப் போனாலும் மெலியாத தந்தி. இந்த மூன்றும் ஒன்றாக வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அதன் அடிவயிற்றைத் திருப்பிப் பார்த்திருக்கிறாயா? முழங்காலால் தள்ளிச் சுருதி மாற்றும் லீவர் ஒன்றின் வேலையை மாற்ற வேண்டுமென்றால் ஆல்-புல்லில் ஒரு கம்பியைக் கழற்றி வேறு துளையில் மாட்டி, ஓரத்தில் உள்ள நைலான் திருகை ஹெக்ஸ் சாவியால் சரிசெய்தால் தீர்ந்தது. புஷ்-புல்லில் அது ஒரு நாள் வேலையாகிவிடும். ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இன்னொன்று அசையும். ஒரே தந்தியில் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து நடுவில் ஒரு சுரம் நிற்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டால், அதைச் சுருதி பிசகாமல் நிறுத்துவதற்குள் பொறுமை போய்விடும். நன்றாக அமைத்த புஷ்-புல் கிடைத்து, இனி அதில் எதையும் மாற்றப் போவதில்லை என்கிறவனுக்கு அது சொர்க்கம். நீயோ வாரத்துக்கு ஒரு தடவை லீவர் அமைப்பை மாற்றி வரைந்து எனக்கு அனுப்புகிறவன்.

ஷோ-பட் வேறு ரகம். மேப்பிள் மர உடம்பின் வெதுவெதுப்பு நடுச்சுரங்களில் தெரியும். எம்மன்ஸில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நிற்கும். ஷோ-பட்டில் இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டினால் அவை ஒன்றோடொன்று கலந்து வரும். ஸ்டீல் வாசிப்பவர் லாயிட் கிரீன் பெயரில் வந்த எல்டிஜி மாடலைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். இரட்டை உடம்பில் ஒரே ஒரு கழுத்து, இன்னொரு கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் முன்கையை வைக்க மெத்தை. அவர் வாசிப்பில் வரும் அந்த மணிச்சத்தத்தில் பாதி கிட்டாருடையது, மீதி அவருடைய வலது கையுடையது என்பேன். ஒருவேளை கைக்கு இன்னும் கூடவே சேர வேண்டும். ஷோ-பட்டில் பெடலின் உணர்வு வருஷத்துக்கு வருஷம் மாறும், ஏனென்றால் அடியில் உள்ள பொறியமைப்பையே அவர்கள் பல தடவை மாற்றியிருக்கிறார்கள். அதனால் பெயர்ப்பலகையை நம்பி வாங்காதே. கீழே குனிந்து அச்சுகளை அசைத்துப் பார். பழைய கிட்டார் எதுவானாலும் தேய்மானம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பெடலை விட்டதும் சுருதி பழைய இடத்துக்கு வராமல் ஒரு மயிரிழை கீழேயோ மேலேயோ நின்றால், குறை பெரும்பாலும் அங்கேதான்.

ஃபெண்டரைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தாய். 1957ல் வந்த ஃபெண்டர் 1000 இரட்டைக் கழுத்து, கழுத்துக்கு எட்டே தந்தி, இழுப்பதற்குக் கம்பிக்குப் பதில் கேபிள். ஸ்டீல் வாசிப்பவர் ஸ்னீக்கி பீட் கிளைனோ ஒற்றைக் கழுத்து ஃபெண்டர் 400ஐ வைத்துக்கொண்டு செய்த வித்தையைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பத்துத் தந்தி இ9 கற்றவனுக்கு அது வேறு வாத்தியம். அதை விட்டுவிடுவோம்.

மல்லன், கொலராடோவில் செய்கிறார்கள், ஆல்-புல். வாசித்தபோது முதலில் மனசில் பட்டது சத்தம் இல்லை, அமைதி. பெடல்கள் ஓசையில்லாமல் இறங்குகின்றன, மிதிக்கும் தூரம் குறைவு, லீவர்கள் முழங்கால் தொட்டதும் கிளம்புகின்றன. நாதம் சுத்தமாக, சமமாக இருக்கிறது. சிலர் அதையே குறையாகச் சொல்வார்கள், குணமே இல்லை என்று. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்மன்ஸின் அந்தக் கடிப்பு இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் மூன்று மணிநேரம் வாசித்த பிறகு கணுக்கால் வலிக்காமல் எழுந்திருக்க முடிந்தது இதில்தான்.

இப்போது முக்கியமான ஒன்று. கிட்டார் பார்க்கப் போகும்போது சுருதி காட்டுகிற ஒரு நல்ல ட்யூனர் கொண்டுபோ. நான்காம் தந்தி, இ, அதை மட்டும் மீட்டி முள்ளைப் பார். தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஏ, பி பெடல் இரண்டையும் சேர்த்து மிதி. நான்காம் தந்திக்கும் அந்தப் பெடல்களுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் முள் கொஞ்சம் கீழே இறங்கும். மிதிக்கிற விசையில் உடம்பு வளைகிறது, அதனால் மற்றத் தந்திகள் தளர்கின்றன. இதைத்தான் கேபினெட் டிராப் என்கிறார்கள். இரண்டு மூன்று சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) இறங்கினால் கவலையே வேண்டாம். எட்டு பத்து சென்ட் இறங்கினால், நாதம் எவ்வளவு இனித்தாலும் பெடலை மிதித்து வாசிக்கும் சுரக்கூட்டுகள் ஒவ்வொன்றும் உன்னை உறுத்தும், நீ சுருதி விஷயத்தில் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். இ9ல் ஜி ஷார்ப் தந்திகளை ட்யூனர் காட்டுகிற இடத்திலிருந்து 14 சென்ட் வரை இறக்கி வைத்தால்தான் இ-யோடு அலையில்லாமல் சேரும். அவ்வளவு நுணுக்கமாகக் காது பார்க்கிற வாத்தியத்தில் உடம்பு வளைவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பழசு வளையும், புதுசு வளையாது என்றும் நினைக்காதே. ஒவ்வொரு கிட்டாரையும் தனியாகச் சோதித்தால்தான் உண்டு.

அடுத்து கால். ஏ பெடல் ஐந்தாம், பத்தாம் தந்திகளை ஒரு முழுச் சுரம் ஏற்றுகிறது, பி பெடல் மூன்றையும் ஆறையும் அரைச் சுரம்தான். அதனால் ஏ சற்றுத் தூரம் போவது இயல்பு. ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் போய் நிற்க வேண்டும். பாதத்தைச் சாய்த்து ஏ-யை மட்டும் மெல்ல விடுவித்துப் பார். அந்த இறக்கத்தில் கமகம் உன் விருப்பத்துக்கு வளைகிறதா, இல்லை திடுக்கென்று விழுகிறதா? இந்த ஒரு அசைவு சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரிசெய்துகொள்ளலாம். பெடல் கடினமாக இருந்தால் பயப்படாதே. அடியில் கம்பி மாட்டும் துளையை மாற்றினால் மிருதுவாகும், பதிலுக்குத் தூரம் கூடும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. பெடல்கள் ஏ, பி, சி வரிசையில் இருக்கின்றனவா, சி, பி, ஏ என்று ஸ்டீல் வாசிப்பவர் ஜிம்மி டே முறையில் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள். அப்புறம் உன் உயரம். கிட்டாரின் கால்களும் பெடல் கம்பிகளும் சாதாரண நீளத்தில் இருந்தால் உன் முழங்கால் லீவரில் இடிக்கும். நீளமான கால்கள் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடு.

தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப்பை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மாடலுக்கு மாடல் காதில் விழும் வித்தியாசத்தில் பெரும்பங்கு பிக்கப்பினால் வருவது, அதை மாற்றுவதோ சுலபம். பழைய எம்மன்ஸின் கூர்மையில் அதன் ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கும் பங்குண்டு. அதே மாதிரி ஒன்றை ஆல்-புல்லில் போட்டால் பாதி வழி வந்துவிடலாம். ஹம் என்கிற மின் இரைச்சல் கூடவே வரும், அது வேறு கதை. கையைச் சேஞ்சரிலிருந்து ஒரு அங்குலம் முன்னால் தள்ளி மீட்டினாலே நாதம் எவ்வளவு மாறுகிறது என்று பார், அப்புறம் மர வகையைப் பற்றி இவ்வளவு யோசிக்க மாட்டாய். வால்யூம் பெடலை மட்டும் உன்னுடையதையே எடுத்துப் போ. அடுத்தவர் பெடலில் உன் வலது கால் ஒழுங்காக நடக்காது, குற்றத்தைக் கிட்டார் மேல் போடுவாய்.

என் ஓட்டு மல்லனுக்கு. நீ மாற்றிக்கொண்டே இருப்பவன், அதுவும் கண் ஆறி வருகிற நேரத்தில் புஷ்-புல்லுக்கு அடியில் விளக்கோடு படுத்துக் கிடப்பது வேண்டாம். அந்த ஷோ-பட்டில் கேபினெட் டிராப் மூன்று சென்டுக்குள் இருந்து, அச்சுகளும் ஆடாமல் இருந்தால் எனக்கு ஒரு போன் செய், நானே வந்து பார்க்கிறேன். எதை வாங்கினாலும் மூன்றாம் தந்திக்கு .011 அங்குலத் தடிமன் தந்திகளை அரை டஜன் சேர்த்து வாங்கி வை. அறுவதில் முதல் ஆள் எப்போதும் அதுதான்.

லீவர் அமைப்பை இந்தத் தடவை எப்படி வரைந்திருக்கிறாய்? இரண்டாம் தந்தியை டி-க்கும் சி ஷார்ப்புக்கும் இறக்கும் லீவர் வலது முழங்காலில்தானே இருக்கிறது? படத்தை அனுப்பு, கண்ணுக்குச் சிரமமென்றால் போனில் வாயால் சொன்னால்கூடப் போதும். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்