தாலித் தட்டு யார் கையில்

மயிலாப்பூர், சென்னை
19.01.2026

அன்பு நண்பா,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தைய நாளே கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு நீயே கைப்பட எழுதியிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். சின்னவளின் திருமணம் பிப்ரவரி 9, திங்கட்கிழமை என்று முடிவாகி, நேற்றுக் கோயிலில் திருமண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். நோன்புக்காலமான தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் திருநீற்றுப் புதன் இவ்வாண்டு 18ஆம் தேதியே வந்துவிடுவதால், இந்த நாளை விட்டால் தவக்காலம் கழிந்து ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டும். மண்டபக்காரரும் அதைத் தெரிந்துகொண்டுதான் விலை பேசினார்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் வளாகத்தில் பொங்கல் பானை வைப்பது விசுவாசமா, இல்லை ஊரோடு ஒத்துப்போவதா என்று கேட்டிருந்தாய். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வீம்புக்கு ஒரு பூசணிக்காயைக் கேட்டு எடுத்து, அதைப் பாளையங்கோட்டை வெயிலில் விடுதி வரை தோளில் சுமந்து வந்த நீ கேட்கும் கேள்வியா இது? உங்கள் புரோட்டஸ்டண்ட் சபையில் பீடத்தருகே கரும்பும் நெற்கதிரும் வைத்தால் அது ஸ்தோத்திரக் காணிக்கை, எங்கள் பங்கில் பானையில் ஏற்றினால் மட்டும் சந்தேகமா? 601ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்துக்குப் போன மறைபரப்பாளர்களுக்குப் பாப்பரசர் பெரிய கிரகோரியார், அங்கு மக்கள் முன்பு சிலைகளை வணங்கிய கோவில்களை இடிக்க வேண்டாம், மக்கள் மரக்கிளைகளால் பந்தலிட்டு விருந்துண்டு கடவுளுக்கு நன்றி சொல்லட்டும் என்று எழுதி அனுப்பினார். நாமும் வெட்கமில்லாமல் திருநீறு, தேர், கோயில், பூசை என்று ஊரின் சொற்களையெல்லாம் எடுத்துக்கொண்டுதானே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செபம் செய்து வருகிறோம்!

ஆனாலும் எனக்கும் ஓர் உறுத்தல் இருந்தது. வயலையே மிதித்தறியாத நாங்கள், கோயம்பேட்டில் வாங்கிய கரும்பையும் அட்டைப்பெட்டியில் வந்த அரிசியையும் வைத்துக்கொண்டு எந்த அறுவடைக்கு நன்றி சொல்வது? சென்ற வியாழக்கிழமை நன்றித் திருப்பலி முடிந்ததும், மாதா சிலை இருக்கும் குகைபோன்ற கெபிக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கிப் பானையை ஏற்றினார்கள். பால் நுரைத்து விளிம்புக்கு வந்தபோது, முதல் கைப்பிடி அரிசியைப் போட பங்குப்பேரவைத் தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னே வந்தார். பங்குத்தந்தை அவரைச் சற்றே நிறுத்தி, வாசலில் நின்ற காவலாளியைக் கூப்பிட்டார். அவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர் அல்லர், எங்கள் கூட்டத்தில் அரிவாள் பிடித்து நெல் அறுத்தவர் அவர் ஒருவரே. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, இரண்டு கைகளாலும் அரிசியை அள்ளிப் போட்டார். முதற்கனிக் கூடையைக் கடவுள்முன் வைக்கும்போது உன்னிடம் தங்கியிருக்கும் அந்நியனும் உன்னோடு மகிழ வேண்டும் என்று விவிலியத்தின் இணைச்சட்ட நூல் 26ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அன்று தொன்னையில் வாங்கிய பொங்கலில் கொஞ்சம் அடிப்பிடித்த வாசம், இருந்தும் என் உறுத்தல் தீர்ந்தது.

திருமணப் பேச்சுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இப்போது நடக்கும் பெரிய வாதம் தேங்காயைப் பற்றியது. ஆரத்தித் தட்டில் தேங்காய் வைக்கலாமா என்று சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்கப்போய், இரண்டு நாள் தொலைபேசி ஓயவில்லை. பாப்பரசரின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் நம் ஊர்க் கிறிஸ்தவர்களின் சடங்குகள் பற்றி இட்ட ஆணை அப்போது நினைவுக்கு வந்தது. பிள்ளையார் உருவமுள்ள தாலி கூடாது, சிலுவையோ மாதாவோ பொறித்ததை அணியலாம் என்றார். 108 இழை முறுக்கிய மஞ்சள் சரடு கூடாது என்றார், இழைகளைக்கூட விடவில்லை பார்! தேங்காயைச் சடங்கில் உடைக்கக் கூடாது, தின்ன விரும்பினால் சடங்குக்கு வெளியே உடைத்துக்கொள்ளலாம் என்றார். அதே ஆணை, மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைக் கோயிலிலிருந்து விலக்கக் கூடாது என்றும் சொன்னது. இதை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை, தேங்காய் மட்டும் மறக்கவில்லை. 1963இல், உலகின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, அந்தந்த நாட்டு நல்ல திருமண வழக்கங்களைக் காத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது.

நான் சொல்ல வருவது வேறு. மூத்தவளின் திருமணம் உனக்கு நினைவிருக்கும். பூசைக்கு முன், தாலித் தட்டைப் பெரியவர்களிடம் ஆசீருக்குக் கொண்டு போனபோது, என் அக்கா சத்தமில்லாமல் எழுந்து தூணோரமாகப் போய் நின்றுகொண்டார். அத்தான் இறந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, யாரும் அழைக்கவுமில்லை, நானும் அழைக்கவில்லை. தாலியில் புறாவும் சிலுவையும் பொறித்திருந்தோம், மூன்று முடிச்சுக்குத் தந்தை, மகன், தூய ஆவி என்று பொருள் சொல்லிக்கொண்டோம், கைம்பெண் எதிரே வரக்கூடாது என்பதை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். ஆண்டுதோறும் பிப்ரவரி 2ஆம் தேதி மெழுகுதிரி ஏந்தி ஆண்டவர் காணிக்கைத் திருநாள் கொண்டாடுகிறோமே, அன்று எருசலேம் கோவிலில் குழந்தை இயேசுவை எதிர்கொண்டு வரவேற்றவர்களில் ஒருவர் 84 வயதுக் கைம்பெண் அன்னா என்று நற்செய்தியாளர் லூக்கா எழுதியதை எத்தனை முறை வாசித்திருப்பேன்!

இப்போது சின்னவள் ஒரே பிடியாக நிற்கிறாள். தாலித் தட்டைப் பீடத்துக்கு எடுத்து வருவது அத்தைதான், வேறு யார் எடுத்தாலும் ஒப்பமாட்டாளாம். மாப்பிள்ளைக்கும் சம்மதம். பங்குத்தந்தை, "இதற்கு என்னிடம் அனுமதி எதற்கு?" என்று சிரித்தார். தடை சொல்பவர் அக்கா ஒருவர்தான். "பிள்ளைக்கு ஏதாவது ஒன்றென்றால் என் தலையில் விழும்" என்று பிடி கொடுக்க மறுக்கிறார். நான் சொன்னால் கேட்கமாட்டார். அன்று பேசாமல் நின்றவன் இன்று பேச என்ன தகுதி என்று நினைக்கிறாரோ என்னவோ.

ஆகவே நீ 9ஆம் தேதி காலையில் வந்து இறங்காதே. 6ஆம் தேதியே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. விடுதிச் சோறு பிடிக்காமல் ஞாயிறுதோறும் நம் வீட்டுக்கு வந்து அக்கா கையால் மீன்குழம்பு சாப்பிட்டவன் நீ, உன் சொல்லை அவர் தட்டியதில்லை. எழும்பூரில் நானே வந்து அழைத்துச் செல்கிறேன். வரும்போது அவருக்கென்று கொஞ்சம் கருப்பட்டி வாங்கி வா, பேச்சை அதில் தொடங்கலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்