லெஃப்ட் பேக் ஆடிய அப்பாவுக்கு

வுட் கிரீன், லண்டன்
28.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தம்பி சொன்னான். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், தலைக்குக் குளிக்க டாக்டர் சொல்கிற வரைக்கும் பொறுங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்க வேண்டாம், அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் நீளம்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில், நான் இங்கே போய்ப் பார்க்கிற ஆர்சனல் பெண்கள் கால்பந்து அணியைப் பற்றி "நேத்து கப்பு ஜெயிச்சிட்டோம்ப்பா" என்று நான் சொன்னதும் நீங்கள் "பொம்பளைங்க ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமாம்மா" என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. வைத்த பிறகு ராத்திரி முழுக்க மனசுக்குள் உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

போன வருஷம் செப்டம்பர் 22, எனக்கு லீவு. வார்டில் என்னோடு வேலை செய்கிற மலையாளப் பெண் ஒருத்தி, கூட வர இருந்தவருக்குக் காய்ச்சல், ஒரு டிக்கெட் சும்மா இருக்கிறது வா என்று கூப்பிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து பிக்கடில்லி லைனில் நாலாவது ஸ்டேஷன் ஆர்சனல். கிளப்பின் பெயரையே ஸ்டேஷனுக்கு வைத்திருக்கிறார்கள், ஆனால் பிளாட்பாரச் சுவரில் 'கில்லெஸ்பி ரோடு' என்ற பழைய பெயர் ஓட்டில் பதித்தபடியே இருக்கிறது, 1932-ல்தான் மாற்றினார்களாம். அங்கிருந்து வெளியே வர ஒரு நீளமான சுரங்கப்பாதை, மேலே ஏறிக்கொண்டே போகும். அதில் தோளோடு தோள் உரச ஜனம். எல்லாரும் சிவப்புச் சட்டை. ஆண்கள் மேட்சும் இன்றைக்குத்தானோ என்று அவளிடம் கேட்டேன். அவர்கள் சாயங்காலம் மான்செஸ்டரில் ஆடுகிறார்கள், இந்தக் கூட்டம் முழுக்க நமக்கு வந்தது என்றாள். அன்றைக்கு 41,000 பேருக்கு மேல். எதிரணி மான்செஸ்டர் சிட்டி. 2-2. சாயங்காலம் ஆண்கள் அணியும் அதே சிட்டியோடு அதே 2-2 என்று முடித்ததைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் நிஜம்.

அந்த மேட்சில் ஒரு விஷயம் நடந்தது. மீடெமா என்று நெதர்லாந்துக்காரப் பெண், ஆர்சனலுக்காக வருஷக்கணக்காகக் கோல் கோலாக அடித்துக் குவித்தவர், அந்த சீசனுக்குத்தான் சிட்டிக்குப் போயிருந்தார். வந்து முதல் மேட்சிலேயே நமக்கு எதிராக ஒரு கோல் போட்டார். என் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நம் விங்கர் ஓரத்திலிருந்து கோல் பக்கம் தூக்கி அடிக்கிற கிராஸைப் பக்கத்தில் யாரும் இல்லாத இடத்துக்கு அடித்ததும் அதே பெரியவர் எழுந்து "தலையைத் தூக்கிப் பாரும்மா!" என்கிற மாதிரி ஒரு கத்து கத்தினார். அப்பா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வியாசர்பாடி கிரவுண்டில் நீங்கள் போடுவீர்களே, அதே சத்தம். ஒரு பெண் தப்பாகப் பந்தை அடித்ததற்கு ஒரு ஆண் மனசார எரிச்சல்பட்டு நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. பெண்கள் ஆடினால் நம் பக்கம் சிரிப்பார்கள், இல்லை "பரவாயில்லம்மா, நல்லா ஆடினே" என்று கைதட்டுவார்கள். இங்கே திட்டுகிறார்கள். உன்னால் முடியும் என்று தெரிந்துதானே திட்டுகிறார்கள்?

அன்றையிலிருந்து முடிந்த மேட்சுக்கெல்லாம் போனேன். செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஆண்கள் மேட்ச் மாதிரி டிக்கெட் விலை இல்லை, நம்மைப் போன்ற சம்பளக்காரர்களின் கையைக் கடிக்காது.

இந்த 2024-25 சீசனில் இங்கே லீக்கின் மேல் டிவிஷனில் 12 அணிகள், ஆளுக்கு 22 மேட்ச், கடைசியில் வந்த ஒரு அணி கீழே இறங்கியது. நமக்கு ஆரம்பமே சரியில்லை. அக்டோபரில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான கப் போட்டிக்கு ஜெர்மனிக்குப் போய் பேயர்ன் அணியிடம் 5-2 தோல்வி, மூன்று நாளில் சொந்த மைதானத்தில் லீக்கில் செல்சீயிடம் 2-1 தோல்வி. அந்த வாரமே கோச் ராஜினாமா செய்துவிட்டார். உதவி கோச்சாக இருந்த ரெனே ஸ்லெகர்ஸ் என்ற பெண்ணைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதிகம் பேசாதவர், கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். 11 மேட்ச், 10 வெற்றி, ஒரு டிரா. ஜனவரியில் அவரையே நிரந்தரமாக்கினார்கள். அதற்குப் பிறகு பிப்ரவரியில் டோட்டன்ஹாம் வந்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், ஜென்மப் பகை. 56,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள், 5-0. அன்றைக்கு நைட் டூட்டிக்குத் தொண்டை கட்டிப்போய்த்தான் போனேன்.

ஒருவரைப் பற்றி உங்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கிம் லிட்டில், கேப்டன், ஸ்காட்லாந்துக்காரர், வயது 34. குள்ளமாக, ஒல்லியாக இருப்பார், தெருவில் பார்த்தால் பிளேயர் என்றே தெரியாது. ஒரு மேட்சில் எனக்குக் கோட்டுக்குப் பக்கத்திலேயே சீட் கிடைத்தது, பாதி நேரம் பந்தை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து அவரிடம் வருவதற்கு முன்னால் இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. பந்து காலுக்கு வரும்போது உடம்பை லேசாகச் சாய்த்து வழி விடுகிற மாதிரி நிற்பார், துரத்தி வந்தவள் அவரைத் தாண்டிப் போய்விடுவாள், அதற்குள் பந்து இன்னொருத்தியின் காலில் இருக்கும். நீங்கள் தம்பிக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள், "பந்து வந்த பிறகு பாக்காதேடா, வர்றதுக்கு முன்னாடி பாரு" என்று. நான் அப்போது சுவரோரம் உட்கார்ந்து உங்கள் செருப்பையும் வாட்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அவனுக்குச் சொன்னதெல்லாம் எனக்கும் காதில் விழுந்ததுப்பா. அதனால்தான் கிம் லிட்டில் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிகிறது, பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்குக்கூட நான் விளக்கிச் சொல்கிறேன்.

லீக் நமக்குக் கிடைக்கவில்லை. செல்சீ 22 மேட்சில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை, 19 வெற்றி, 3 டிரா, 60 புள்ளி. நமக்கு 48, இரண்டாம் இடம். இத்தனைக்கும் லீக்கிலேயே அதிகக் கோல் அடித்தது நாம்தான், 62. அதில் 12 அலேசியா ருஸ்ஸோ போட்டது. ஆனால் சீசன் முடிகிற நேரத்தில் காலே ஓடவில்லை. ஏப்ரல் 27 பிரான்சில் லியோனோடு ஐரோப்பிய அரையிறுதி, மூன்றாம் நாள் ஆஸ்டன் வில்லா அணியோடு லீக் மேட்ச். அதில் 5-2 தோல்வி. அதே ராத்திரி செல்சீ மான்செஸ்டர் யுனைடெட்டை ஜெயித்துப் பட்டத்தை உறுதி செய்துவிட்டது. டூட்டி இடைவேளையில் பேன்ட்ரியில் நின்று போனில் ஸ்கோர் பார்த்தேன், டீ ஆறிப்போனது. அடுத்த வாரம் பிரைட்டனிடம் 4-2. கடைசி நாள் யுனைடெட்டோடு 4-3 என்று எப்படியோ ஜெயித்தோம். மூன்று மேட்சில் 12 கோல் வாங்கினோம், டிஃபென்ஸ் ஆடிய உங்களிடம் இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அந்த லியோன் மேட்ச்! முதல் மேட்சில் இங்கேயே 2-1 தோற்றிருந்தோம். பெண்கள் ஆட்டத்தில் ஐரோப்பாவிலேயே அதிகத் தடவை கப் வாங்கிய அணி லியோன், அவர்கள் ஊரில் போய் 4-1 என்று ஜெயித்து, இரண்டு மேட்சையும் கூட்டி 5-3 என்று பைனலுக்குப் போனோம். அதற்கு முந்தின சுற்றிலும் இதே கதைதான், ரியல் மாட்ரிட்டில் ஒரே சேறான கிரவுண்டில் 2-0 தோற்று, இங்கே வந்து 3-0. தகுதிச் சுற்றில் செப்டம்பர் மாதமே ஆட ஆரம்பித்து, பைனல் வரைக்கும் 15 மேட்ச்.

பைனல் போன சனிக்கிழமை, லிஸ்பனில். எதிரே பார்சிலோனா, முந்தின இரண்டு வருஷமும் கப் அவர்களுடையது. நான் இரண்டு நைட் டூட்டியை மாற்றிக்கொடுத்து அன்றைக்கு லீவு வாங்கினேன். பார்சிலோனாவிடம்தான் பெரும்பாலும் பந்து இருந்தது. 67-வது நிமிஷம் பெத் மீடையும் ஸ்டீனா பிளாக்ஸ்டேனியஸையும் இறக்கினார் ஸ்லெகர்ஸ், 74-ல் மீட் கொடுத்த பாஸில் ஸ்டீனா கோல். 1-0. அதற்குப் பிறகு நான் உட்காரவே இல்லை. முடிந்ததும் நம் டிஃபெண்டர் லியா வில்லியம்சன் அழுதார். 2007-ல் ஆர்சனல் இந்தக் கப்பை முதல் தடவை வாங்கியபோது, பிளேயர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்துபோன சின்னப் பிள்ளைகளில் அவரும் ஒருத்தி, அப்போது வயது பத்து.

அப்புறம், உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், நீங்கள் சொன்னதை இந்த ஊரும் சொல்லியிருக்கிறது. 1920-ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலில் பெண்கள் மேட்ச் ஒன்றுக்கு 53,000 பேர் வந்தார்கள், பிரஸ்டனில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களின் அணி ஆடியது. அடுத்த வருஷமே, 1921 டிசம்பரில், கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமில்லை என்று இங்கிலாந்து கால்பந்து சங்கம் தீர்மானம் போட்டு, சங்கத்து மைதானம் எதிலும் பெண்கள் ஆடக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. திறக்க ஐம்பது வருஷம் ஆனது. அதனால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதற்கு எனக்குக் கோபமில்லை. பார்க்காமல் சொன்னீர்களே என்றுதான் வருத்தம்.

எனக்கு உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். இடது ஓரத்தைக் காக்கிற நம் லெஃப்ட் பேக் கேட்டி மெக்கேப், அயர்லாந்துக்காரர், முன்கோபி, இடது கால்காரர், உங்களைப் போலவே. பைனலில் அவருக்கு எதிரே பார்சிலோனாவின் ரைட் விங்கர் கிரஹாம் ஹான்சன், உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். பந்து அவரிடம் போகும்போது மெக்கேப் சில நேரம் ஒட்டி நிற்கிறார், சில நேரம் இரண்டடி விட்டுக்கொடுத்துப் பின்னால் போகிறார். எப்போது ஒட்ட வேண்டும், எப்போது விட வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. தம்பிக்கு வீடியோ அனுப்பியிருக்கிறேன். கண் நன்றாக ஆறட்டும், டாக்டர் டிவி பார்க்கலாம் என்று சொன்னதும் அவனைப் பெரிய டிவியில் போடச் சொல்லிப் பாருங்கள். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுங்கள், நான் பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு. இடியாப்ப மாவு வந்து சேர்ந்தது.

உங்கள் மகள்