பசுமைக் கட்டடத்துக்கு ஒற்றை மீட்டர் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, பசுமைச் சான்றிதழ் பெற்ற அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறேன். லாரித் தண்ணீர் சம்பில் இறங்கும் இடத்தில் ஒரு மீட்டர் இருக்கிறது. அதைத் தாண்டியபின் எந்த வீட்டுக்கு எவ்வளவு, தோட்டத்துக்கு எவ்வளவு, கசிவில் எவ்வளவு என்று சொல்ல எவராலும் இயலாது. செலவைச் சதுர அடிக் கணக்கில் பங்கிடுவதால், பெரிய வீட்டில் வாழும் முதிய தம்பதி, சிறிய வீட்டில் ஆறு பேராக இருப்பவர்களைவிடக் கூடுதலாகக் கட்டுகிறார்கள்.

பசுமைக் கட்டடங்களுக்கு வழங்கப்படும் 'லீட்' (LEED) தரச்சான்றின் நான்காம் பதிப்பு, கட்டடம் முழுமைக்குமான மீட்டரைக் கட்டாயமாக்கியது. தோட்டம், குளியலறைக் குழாய்கள், வெந்நீர், மறுசுழற்சி நீர் போன்ற பிரிவுகளில் இரண்டையேனும் தனியாக அளப்பதற்கு ஒரு மதிப்பெண் தருகிறது. ஆனால் அது விருப்பம்தான். விருப்பம் என்றாலே செலவைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது அதுவே.

வீட்டுக்கு வீடு தனி மீட்டரைப் பின்னாளில் பொருத்திக்கொள்ளலாமே என்பார்கள். நம் ஊர்க் கட்டடங்களில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனிக் குழாய் இறங்குவதால், ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு மீட்டர்கள் தேவைப்படும். சுத்திகரித்த நீர் கழிப்பறைத் தொட்டிக்கு வேறு குழாயில் வந்தால் அதற்கும் ஒன்று. வரைபட நிலையிலேயே வீட்டுக்கு ஒரு நுழைவுக் குழாய் என்று முடிவெடுத்திருந்தால், வாசலுக்கு வெளியே ஒரு மீட்டரோடு வேலை முடிந்திருக்கும். இப்போதோ ஓடுகளை உடைத்தாக வேண்டும்.

கழிப்பறைத் தொட்டியில் நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓசையின்றிக் கசிந்தால் நாளொன்றுக்கு 720 லிட்டர் போய்விடும். ஆளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் ஐந்து பேர் குடும்பத்துக்கு வேண்டியது 675 லிட்டர்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகத் துணை மீட்டர் இருந்தால், வீடே உறங்கும் பின்னிரவில் அதன் முள் நகர்வதைக் கண்டே கசிவைப் பிடித்துவிடலாம்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது குடங்களோடு நின்ற நகரம் இது. 2003-இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலமும் இதுவே. எனவே, புதிய அடுக்குமாடிகளுக்குத் திட்ட அனுமதி வழங்கும்போது, வீட்டுக்கு ஒரு நுழைவுக் குழாயையும் துணை மீட்டரையும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் நிபந்தனையாக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரின் மணலும் உப்பும் மீட்டரை விரைவில் முடக்கிவிடும் என்பதால், அதன் முன் வடிகட்டி பொருத்துவதையும் அந்த நிபந்தனையில் சேர்க்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்புவாசி ஒருவர்,
சென்னை