கூட வந்தவரையும் கேளுங்கள், டாக்டர்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நினைவும் சிந்தனையும் மெல்லத் தேய்ந்துபோகும் டிமென்ஷியா என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்பது ஒன்றுதான்: நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசவிடுங்கள். பத்து நிமிடம் போதும்.

இப்போது நடப்பது வேறு. அப்பாவும் நானும் உங்கள் மேசைக்கு முன்னால் சேர்ந்து உட்காருகிறோம். "என்ன தொந்தரவு?" என்று அவரிடம் கேட்கிறீர்கள். "ஒண்ணுமில்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்று நிமிர்ந்து பதில் சொல்கிறார். வெளியாட்கள் முன்னால் கொஞ்ச நேரம் சமாளிப்பது இந்த நோயின் தொடக்கத்தில் பலருக்கும் முடியும். பிறகு என் பக்கம் திரும்புகிறீர்கள். அப்பா காதுபட நான் என்ன சொல்வது? கழிவறை என்று நினைத்து அலமாரியைத் திறந்து நின்றதையா? அவர் பணத்தை நான் திருடிவிட்டதாக உறவினர்களிடம் சொல்வதையா? ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். "நான் எப்பம்மா அப்படிச் செஞ்சேன்?" என்றவர் தலையைக் குனிந்துகொண்டார். வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. நடந்தது அவருக்கு மறந்துபோகலாம், பட்ட அவமானம் உள்ளே தங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினேன். "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தீர்கள்.

விழுங்கிய அந்தப் பாதியில்தான் நோய் இருந்தது. சாயங்காலமானால் வீட்டுக்குள் குழந்தைகள் நிற்கிறார்கள் என்பார் அப்பா. தூக்கத்தில் கைகளை வீசிக் கத்துவார். காலையில் தெளிவாகப் பேசியவர் மதியம் வேறு ஆளாக இருப்பார். டிமென்ஷியாவில் ஒரு வகையான லூயி பாடி டிமென்ஷியாவின் முக்கிய அடையாளங்கள் இவை. வழக்கமாக எடுக்கும் ஸ்கேனில் இவை தெரியாது. பார்த்தவர் சொன்னால்தான் உண்டு.

அப்பாவைச் சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்த்திருந்த இரவில் குழம்பிப்போய்க் கத்தினார் என்று, அடக்குவதற்காக ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். லூயி பாடி நோயாளிகளுக்கு அந்த மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. விடிந்தபோது உடம்பு கட்டையாக விறைத்திருந்தது, வாயில் விட்ட தண்ணீரை விழுங்க முடியவில்லை. நான் அறைக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு ஓர் இளம் மருத்துவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துக் கேட்டார். குழந்தைகள் தெரிவதாகச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது?

டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1901இல் தான் பார்த்த அகுஸ்தே டீட்டர் என்ற நோயாளிப் பெண்ணிடம் முதலில் தெரிந்த மாற்றம் கணவர் மீதான சந்தேகம் என்று 1907இல் எழுதியிருக்கிறார். வீட்டில் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது அது. மறதி மெல்ல மெல்லக் கூடியதா, இரண்டே நாளில் திடீரென்று வந்ததா என்பதையும் வீட்டில் இருப்பவரால்தான் சொல்ல முடியும். திடீரென்று வந்தால் தொற்றாக இருக்கலாம், கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரையாகவும் இருக்கலாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு எல்லாமே மறதியாக வரும், சரிசெய்யவும் வழி உண்டு. இவற்றைப் பார்க்காமலே "வயசு" என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ!

உலகில் 5 கோடிக்கும் மேற்பட்டோர் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புதிய கட்டடங்களுக்கும் இயந்திரங்களுக்கும் திறப்பு விழா நடக்கிறது. லெகனெமாப் போன்ற புதிய மருந்துகள் அல்சைமரின் ஆரம்பக் கட்டத்துக்கு மட்டும்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டுமென்றால், ஆரம்பத்தைப் பார்த்தவரைக் கேட்க வேண்டாமா? இரவும் பகலும் பார்த்துக்கொள்கிறவர் உங்கள் சீட்டில் "உடன் வந்தவர்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார்.

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதை நானும் பார்க்கிறேன். மருத்துவருக்கு நேரமில்லை என்றால் பயிற்சி பெற்ற செவிலியர் கேட்கட்டும். அதுவும் முடியாவிட்டால் ஒரு படிவம் கொடுங்கள், வெளியே உட்கார்ந்து எழுதித் தருகிறோம். அதை நோயாளி உள்ளே வருமுன் படித்துவிடுங்கள். வார்டில் சேர்க்கும்போது அந்தத் தாள் கட்டிலோடு போகட்டும், இரவுப் பணியில் இருப்பவரும் பார்க்கட்டும். எங்களைத் தனியாகக் கேட்பதை உங்கள் மருத்துவமனையின் நடைமுறையாகவே ஆக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகள்